யூசர் மெமரியைக் கர்னல் தொடும்போது: டிரைவர் எழுதுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளிலும் லினக்ஸ் ஓடும் போர்டுகள் இன்று சர்வசாதாரணம். ஒரு பேனல் பிசி, ஒரு ராஸ்பெர்ரி பை, இல்லையென்றால் பழைய 32 பிட் ஆர்ம் போர்டு. அதில் ஒரு சென்சாரை மாட்டி அதற்குக் கர்னல் டிரைவர் எழுதும் வேலை, பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். பர்கூரிலோ செட்டிக்கரையிலோ இன்ஜினியரிங் முடித்தவருக்கு யூசர் மோட், கர்னல் மோட் என்று இரண்டு இருப்பது தெரியும். தேர்வில் படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். கர்னல் போய் யூசரின் மெமரியைத் தொடும்போது என்னென்ன கெடலாம் என்பதைத்தான் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணம்தான். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் எடைமேடை. மேடைக்கு அடியில் லோட் செல்கள், அவற்றைப் படிக்கும் ஒரு சிப், அந்த அளவுகளை பில்லிங் மென்பொருளுக்குக் கொடுக்கும் டிரைவர். மென்பொருள் ஐஆக்டில் (சாதனக் கோப்பு வழியாக டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) மூலம் ஒரு ஸ்ட்ரக்ட் அனுப்புகிறது: எந்தச் சேனல், எத்தனை ரீடிங், அவற்றை எந்த முகவரியில் போட வேண்டும். நிஜ வேலையாக இருந்தால், முதலில் கர்னலில் சென்சார் டிரைவர்கள் இருக்கும் ஐஐஓ பிரிவைப் பாருங்கள். எச்எக்ஸ்711 போன்ற எடை சிப்புக்கு டிரைவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. எழுதாத டிரைவரில் பிழை வராது.

ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். கோடில் எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து; கீழ்க்கோடு நான் போட்டிருக்கும் இடத்திலேயே.

படி 1: ஆபத்து எந்தப் பக்கம் என்று புரிந்துகொள்ளுங்கள்

வழக்கமான 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் முகவரி வெளியின் கீழ்ப்பாதி, அதாவது 128 டெராபைட், யூசருக்கு. மேல்பாதி கர்னலுக்கு. ஒவ்வொரு பேஜுக்கும், அதாவது மெமரியின் ஒவ்வொரு துண்டுக்கும், பேஜ் டேபிளில் ஒரு பிட் உண்டு. யூசர் தொடலாமா கூடாதா என்பதை அது சொல்லும். யூசர் நிரல் கர்னல் பேஜைத் தொட்டால் சிபியு அங்கேயே பிடித்துவிடும். ஆனால் எதிர்த்திசையில் ரொம்ப காலம் தடையே இல்லை. கர்னல் நினைத்தால் யூசர் பேஜைப் படிக்கலாம், எழுதலாம், அங்கே இருக்கும் கோடை ஓட்டவும் செய்யலாம்.

இதிலிருந்து முளைக்கும் பிழைகள் நான்கு வகை. யூசர் கொடுக்கும் முகவரி உண்மையில் கர்னலுடையதாக இருக்கலாம். டிரைவர் அதை நம்பி எழுதினால், கர்னல் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். இரண்டாவது, கர்னலில் உள்ள ஒரு கெட்ட பாயின்டர் யூசர் பகுதியில் போய் விழுவது. 2009-இல் வெளிவந்த சாக்_சென்ட்பேஜ் பிழை அப்படிப்பட்டது: நிரப்பாமல் விட்ட ஒரு ஃபங்ஷன் பாயின்டர் பூஜ்ஜியமாக இருந்தது. சாதாரண யூசர் பூஜ்ஜிய முகவரியில் ஒரு பேஜைப் போட்டு அதில் தன் கோடை வைத்தால், கர்னல் தன் முழு அதிகாரத்தோடு அங்கே குதித்தது. எம்மேப்_மின்_அட்ர் என்ற அமைப்பு இதற்காகத்தான் இருக்கிறது. பல டிஸ்ட்ரோக்களில் அதன் மதிப்பு 65536, அதற்குக் கீழே சாதாரண யூசர் பேஜ் போட முடியாது. மூன்றாவது, கர்னல் ஒரு மதிப்பைப் பார்த்த பிறகு யூசர் அதை மாற்றிவிடுவது. நான்காவது, கர்னல் தன் மெமரியைத் தெரியாமல் வெளியே கொட்டிவிடுவது.

முதல் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிபியு தரும் தடுப்பு (ஸ்மாப் என்பது அதில் ஒன்று, அடுத்த படியில் வருகிறது) இரண்டாவதைத்தான் பிடிக்கும். முதலாவதைப் பிடிக்காது. இதைத் தெரியாமல் "எங்கள் போர்டில் ஸ்மாப் இருக்கிறது, கவலையில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

படி 2: உங்கள் மெஷினில் என்ன தடுப்பு இருக்கிறது என்று பாருங்கள்

இன்டெலில் இரண்டு வசதிகள். ஸ்மெப் என்பது கர்னல் மோடில் இருக்கும்போது யூசர் பேஜில் உள்ள கோடை ஓட்ட விடாது. 2012-இல் ஐவி பிரிட்ஜ் சிப்புகளோடு வந்தது. ஸ்மாப் என்பது யூசர் பேஜைப் படிக்கவும் எழுதவும்கூட விடாது. 2014-இல் பிராட்வெல்லோடு வந்தது. அதாவது மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, ஐ5-இல் ஸ்மெப் உண்டு, நான்காம் தலைமுறை வரை ஸ்மாப் கிடையாது. பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிசி எந்தத் தலைமுறை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏஎம்டியில் ஜென் சிப்புகளில் இரண்டும் உண்டு.

பார்ப்பது எளிது. ப்ராக் அடைவில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து, ஃபிளாக்ஸ் என்ற வரியில் ஸ்மெப், ஸ்மாப் இரண்டையும் தேடுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்தால் கவனம்: வெளியே சிப்பில் இருக்கும் வசதி உள்ளே தெரிய வேண்டும் என்பதில்லை. க்யூஎமு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் சிபியு மாடலை ஹோஸ்ட் அல்லது மேக்ஸ் என்று கொடுத்தால் வரும்.

ஆர்ம் பக்கம் கதை வேறு. 64 பிட் ஆர்மில் யூசர் கோடைக் கர்னல் ஓட்டாமல் தடுக்கும் வசதி ஆரம்பத்திலிருந்தே உண்டு, பிஎக்ஸ்என் என்பார்கள். யூசர் தரவைத் தொடாமல் தடுக்கும் பான் வசதி ஆர்ம் 8.1 பதிப்பில்தான் வந்தது. இதன் நடைமுறை அர்த்தம்: ராஸ்பெர்ரி பை 3-இல் உள்ள கார்டெக்ஸ் ஏ53, பை 4-இல் உள்ள கார்டெக்ஸ் ஏ72 இரண்டும் 8.0. அவற்றில் பான் இல்லவே இல்லை. பை 5-இன் கார்டெக்ஸ் ஏ76-இல் உண்டு. எடைமேடை, கன்வேயர், பேக்கிங் மெஷின் என்று நம்மூரில் பை 4 எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வன்பொருளில் இல்லாவிட்டால் மென்பொருளில் செய்யலாம். 64 பிட் ஆர்ம் கர்னலில் கான்ஃபிக்_ஆர்ம்64_எஸ்டபிள்யூ_டிடிபிஆர்0_பான் என்ற அமைப்பு 4.10 பதிப்பிலிருந்து இருக்கிறது. யூசரின் பேஜ் டேபிளைச் சுட்டும் ரெஜிஸ்டரையே, கர்னலுக்குள் நுழைந்ததும் காலி டேபிள் பக்கம் திருப்பிவிடும். தேவைப்படும்போது மட்டும் திரும்ப மாட்டும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நொடிக்குச் சில ரீடிங் எடுக்கும் எடைமேடைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, போட்டுவிடுங்கள். எல்பிஏஇ (4 ஜிபிக்கு மேல் மெமரியை எட்டும் பேஜ் டேபிள் முறை) பயன்படுத்தாத 32 பிட் ஆர்ம் கர்னலுக்கு இதே வேலையை டொமைன் ரெஜிஸ்டர் வழியாகச் செய்யும் கான்ஃபிக்_சிபியு_எஸ்டபிள்யூ_டொமைன்_பான் 4.3-இலிருந்து உண்டு.

ஆர்மில் சிபியுஇன்ஃபோவில் பான் தெரியாது. டிமெசேஜ் (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டில் பூட் ஆகும்போது வரும் சிபியு ஃபீச்சர்ஸ் வரிகளில் பிரிவிலெஜ்டு ஆக்செஸ் நெவர் என்று இருக்கிறதா பாருங்கள். டிடெக்டட் என்றால் வன்பொருள், எமுலேட்டட் என்றால் மென்பொருள். இரண்டும் இல்லையென்றால் அந்தத் தடுப்பு உங்களிடம் இல்லை.

ரிஸ்க்-ஃபைவ் போர்டு வாங்கியவர்களுக்கு ஒரு வரி: அங்கே எஸ்ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் உள்ள சம் என்ற பிட் இதே வேலையைச் செய்கிறது.

படி 3: ஸ்மாப் திறந்து மூடும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிஆர்4 ரெஜிஸ்டரின் 20-ஆம் பிட் ஸ்மெப், 21-ஆம் பிட் ஸ்மாப். பூட்டின்போது கர்னல் இரண்டையும் ஆன் செய்துவிடும். பிறகு யூசர் பேஜை உண்மையாகவே தொட வேண்டிய இடத்தில் ஸ்டாக் என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபிளாக்ஸ் ரெஜிஸ்டரில் உள்ள ஏசி பிட்டை ஏற்றும். அந்த நேரத்தில் தடுப்பு விலகும். வேலை முடிந்ததும் க்ளாக் அந்தப் பிட்டை இறக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. நடுவில் வேறு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அந்த ஃபங்ஷனும் தடுப்பில்லாமல் ஓடும். கர்னலைக் கம்பைல் செய்யும்போது ஆப்ஜ்டூல் என்ற சோதனைக் கருவி இதைத் தேடிப் பிடித்து எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை யாரும் சும்மா கடந்துபோகக் கூடாது.

நீங்கள் டிரைவர் எழுதும்போது ஸ்டாக், க்ளாக் எதையும் கையால் தொட வேண்டியதில்லை. தொட்டால் ஏதோ தப்பான வழியில் போகிறீர்கள்.

படி 4: யூசர் பாயின்டரை நேராகத் தொடாதீர்கள்

எடைமேடை டிரைவரில் ஐஆக்டில் வரும்போது கடைசி ஆர்கியுமென்ட் ஒரு முகவரி. அதை ஸ்ட்ரக்ட் பாயின்டராக மாற்றி, அம்புக்குறி போட்டு உள்ளே இருக்கும் எண்ணை எடுத்தால், ஸ்மாப் இல்லாத மெஷினில் அது வேலை செய்யும். இதுதான் தொல்லையே. ஷெட்டில் டெஸ்ட் செய்தபோது ஓடியது, வாடிக்கையாளர் இடத்திலும் ஓடியது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு போர்டு விற்பனையாளர் தந்த டிரைவரில் இப்படியே முழுக்க எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். புதிய பிசிக்கு மாற்றிய அன்று முதல் கிளிக்கிலேயே ஊப்ஸ், அதாவது கர்னலே தடுக்கி விழுந்து பிழைச் செய்தி அடித்தது.

சரியான வழி காப்பி_ஃப்ரம்_யூசர். கர்னல் பஃபர், யூசர் முகவரி, எத்தனை பைட் என்று மூன்றும் கொடுக்க வேண்டும். உள்ளே மூன்று காரியம் நடக்கிறது. முதலில் ஆக்செஸ்_ஓகே: முகவரியும் அதனுடன் நீளத்தைக் கூட்டினால் வரும் முடிவும் யூசர் பகுதிக்குள்ளேயே இருக்கின்றனவா என்ற சோதனை. அந்த இடத்தில் பேஜ் இருக்கிறதா என்று இது பார்ப்பதில்லை, எல்லையை மட்டும்தான் பார்க்கும். அப்புறம் தடுப்பைத் திறந்து காப்பி. பேஜ் மெமரியில் இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட் வரும். கர்னல் அதைக் கொண்டுவந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த முகவரியில் பேஜே கிடையாது என்றால், எக்ஸப்‌ஷன் டேபிள் என்ற பட்டியலில் அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தேடும். "இங்கே தடுக்கி விழுந்தால் அங்கே போ" என்று அதில் எழுதியிருக்கும். அதனால் கர்னல் சாகாமல் திரும்பி வருகிறது.

திரும்பி வரும் எண்தான் பலரையும் ஏமாற்றும். அது காப்பியான பைட்டுகளின் எண்ணிக்கை இல்லை. காப்பி ஆகாமல் மிச்சமிருப்பவை. பூஜ்ஜியம் என்றால் வெற்றி. பூஜ்ஜியம் இல்லையென்றால் நீங்களே மைனஸ் ஈஃபால்ட் என்று திருப்ப வேண்டும். வந்த எண்ணை அப்படியே ஐஆக்டிலிலிருந்து திருப்பினால், யூசர் பக்கம் பாசிட்டிவ் எண் போய்ச் சேரும். பில்லிங் மென்பொருள் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு குப்பை எடைக்குச் சீட்டு அடிக்கும்.

ஒரே ஒரு எண்ணை எடுக்கக் கெட்_யூசர், வைக்க புட்_யூசர் போதும். எழுத்துச் சரத்துக்கு ஸ்ட்ர்ன்காப்பி_ஃப்ரம்_யூசர். கர்னலில் இடம் ஒதுக்கி உடனே நிரப்பிக்கொள்ள மெம்டப்_யூசர். அது தோற்றால் நல் வராது, பிழை எண் பாயின்டரில் ஒளிந்து வரும், ஈஸ்_எர்ர் வைத்துச் சோதிக்க வேண்டும்.

இவற்றின் பெயருக்கு முன்னால் இரட்டைக் கீழ்க்கோடு போட்ட வடிவங்களும், அன்சேஃப்_ என்று தொடங்கும் வடிவங்களும் இருக்கின்றன. ஆக்செஸ்_ஓகே சோதனையை அவை செய்யாது. வேகத்துக்காக, முன்பே சோதித்துவிட்ட இடத்தில் பயன்படுத்த உள்ளவை. 2017-இல் 4.13 கர்னலின் வெயிட்ஐடி சிஸ்டம் காலில் நடந்தது இதுதான். கோடை மாற்றி எழுதியபோது அன்சேஃப்_புட்_யூசர் வந்தது, ஆக்செஸ்_ஓகே வராமல் போனது. யூசர் கர்னல் முகவரியைக் கொடுத்தால், கர்னல் அங்கேயே போய் எழுதியது. ஸ்மாப் ஏன் பிடிக்கவில்லை? ஸ்மாப் தடுப்பது யூசர் பேஜைத் தொடுவதை. இங்கே தொட்டது கர்னலின் சொந்தப் பேஜ். சிபியு பார்வையில் அதில் தப்பே இல்லை. கர்னலுக்குள் இத்தனை வருடம் ஊறியவர்களுக்கே இது நேர்ந்தது என்றால், டிரைவரில் நாம் இரட்டைக் கீழ்க்கோட்டைத் தொடவே வேண்டாம். எடைமேடை டிரைவரில் அந்த நானோ நொடிகளை மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

படி 5: ஒரே தடவை எடுங்கள், எடுத்ததைச் சோதியுங்கள்

இந்த இடத்தில்தான் அனுபவமுள்ளவர்களும் வழுக்குகிறார்கள். டிரைவர் முதலில் கெட்_யூசர் வைத்து எண்ணிக்கையை மட்டும் எடுக்கிறது. 64-க்குள் இருக்கிறது, சரி. பிறகு காப்பி_ஃப்ரம்_யூசர் வைத்து ஸ்ட்ரக்ட் முழுவதையும் எடுக்கிறது. அதற்குள்ளும் எண்ணிக்கை இருக்கிறது. அடுத்து வரும் லூப் அந்த இரண்டாவது எண்ணிக்கையை நம்பி ஓடுகிறது.

இரண்டு காப்பிக்கும் நடுவில், அதே பிராசஸின் இன்னொரு த்ரெட் 8 என்பதை 8000 ஆக்கிவிட்டால்? எடைமேடையில் சீட்டு வாங்கிய லாரி, கொட்டும் இடத்துக்குப் போகும் வழியில் நாலு கூடை தோத்தாபுரியை இறக்கிவிட்ட மாதிரிதான். சீட்டில் உள்ள எடை உண்மை, உள்ளே வந்த சரக்கும் உண்மை, இரண்டுக்கும் சம்பந்தம் மட்டும் இல்லை.

"அவ்வளவு சின்ன இடைவெளியில் யார் மாற்றப்போகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம். தாக்குபவர் அந்த இடைவெளியை வேண்டிய அளவு நீட்ட முடியும். யூசர்ஃபால்ட்எஃப்டி என்ற வசதியால், அந்தப் பேஜில் வரும் ஃபால்ட்டை யூசர் நிரலே கையாளலாம். கர்னல் காப்பியின் நடுவில் காத்துக்கிடக்கும். இதனால்தான் 5.11 கர்னலிலிருந்து, கர்னலுக்குள் நடக்கும் ஃபால்ட்டை இப்படிக் கையாளச் சாதாரண யூசருக்கு இயல்பாக அனுமதி இல்லை. ஃபியூஸ் கோப்பை (யூசர் நிரலே நடத்தும் கோப்பு முறைமையில் உள்ளதை) எம்மேப் செய்து, அதாவது மெமரி முகவரியோடு இணைத்து, இதே வேலையைச் செய்யும் வழியும் உண்டு.

தீர்வு எளிது. ஸ்ட்ரக்ட் முழுவதையும் ஒரே காப்பியில் கர்னலுக்குக் கொண்டுவாருங்கள். சோதனை எல்லாம் அந்தப் பிரதியில். அதன் பிறகு யூசர் முகவரி பக்கம் அந்த மதிப்புக்காகத் திரும்பிப் பார்க்கவே கூடாது. ஸ்ட்ரக்டின் நீளமே மாறக்கூடியது, தலைப்பகுதியை எடுத்துப் பார்த்தால்தான் மொத்த நீளம் தெரியும் என்றால், இரண்டாவது காப்பிக்குப் பிறகு தலைப்பகுதியில் உள்ள நீளத்தின் மேல் நீங்கள் முன்பு சோதித்த நீளத்தை எழுதிவிடுங்கள். டிரைவரும் நிரலும் எம்மேப் வழியாக ஒரே பஃபரைப் பகிர்ந்துகொண்டால், ரீட்_ஒன்ஸ் போட்டு ஒரு லோக்கல் வேரியபிளுக்குள் எடுத்த பிறகே சோதியுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒருமுறை எழுதியதைக் கம்பைலர் இருமுறை படிக்கலாம்.

சோதனையிலேயே ஓட்டை விடுவதும் உண்டு. ஒரு ரீடிங் 4 பைட். எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி அவ்வளவு மெமரி ஒதுக்குகிறீர்கள். 32 பிட் போர்டில் யூசர் 1073741825 என்று கொடுத்தால் பெருக்கல் நிரம்பி வழிந்து மிஞ்சுவது 4. நான்கு பைட் ஒதுக்கிவிட்டு நூறு கோடி ரீடிங்குக்கு லூப் ஓடும். முதலில் உச்சவரம்பைச் சோதியுங்கள், பெருக்குவதற்கு அரே_சைஸ், ஸ்ட்ரக்ட்_சைஸ் இரண்டையும் பயன்படுத்துங்கள். வழிந்தால் அவை மிகப் பெரிய எண்ணைத் தரும், ஒதுக்கீடு தானாகத் தோற்கும்.

சேனல் எண்ணுக்கு இன்னொரு வேலை பாக்கி. 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர் பிரச்சினையின்படி, எல்லைச் சோதனை தோற்கும் என்றாலும் சிபியு ஊகத்தில் முன்னே ஓடி, எல்லைக்கு வெளியே உள்ள மெமரியைப் படித்து, அதன் தடத்தை கேஷில் விட்டுவிடக்கூடும். யூசர் தந்த எண்ணை வைத்து அரேயில் தேடும் முன் அரே_இன்டெக்ஸ்_நோஸ்பெக் ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒரே வரிதான்.

படி 6: வெளியே அனுப்பும்போது கொட்டாதீர்கள்

டிரைவர் திருப்பி அனுப்பும் ஸ்ட்ரக்டில் முதலில் ஒரு பைட் நிலை, அடுத்து எட்டு பைட் நேரம். கம்பைலர் நேரத்தை எட்டின் மடங்கில் வைக்கும். நடுவில் ஏழு பைட் வெற்றிடம். நீங்கள் இரண்டு உறுப்புகளையும் ஒழுங்காக நிரப்பினாலும் அந்த ஏழு பைட்டில் கர்னல் ஸ்டாக்கின் (ஃபங்ஷன்களின் தற்காலிக மெமரி, படி 3-இல் வந்த ஸ்டாக் அல்ல) பழைய மிச்சம் இருக்கும். காப்பி_டு_யூசர் அதையும் சேர்த்தே அனுப்பும். அதில் ஒரு கர்னல் முகவரியின் துண்டு இருந்தால், தாக்குபவருக்குப் பாதி வேலை முடிந்தது.

மெம்செட் போட்டு ஸ்ட்ரக்டை முழுவதும் பூஜ்ஜியமாக்கிய பிறகு நிரப்புங்கள். வெற்று அடைப்புக்குறி போட்டுத் தொடங்கினால் வெற்றிடமும் பூஜ்ஜியமாகும் என்று நம்ப முடியாது. எனக்குப் பிடித்த வழி, வெற்றிடத்தையே விடாமல் ரிசர்வ்டு என்று பெயர் வைத்த பைட்டுகளாக அறிவித்துவிடுவது. உள்ளே வரும்போது அவை பூஜ்ஜியமா என்று சோதித்து, இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். நாளைக்குப் புதிய உறுப்பு சேர்க்கவும் இடம் கிடைக்கும். ஸ்ட்ரக்ட் வளரும் என்று தெரிந்தால், 5.4-இல் வந்த காப்பி_ஸ்ட்ரக்ட்_ஃப்ரம்_யூசர் இதற்கென்றே இருக்கிறது.

முகவரியை ஸ்ட்ரக்டுக்குள் வைக்கும்போது பாயின்டராக வைக்காமல் 64 பிட் எண்ணாக வையுங்கள். பழைய 32 பிட் பில்லிங் மென்பொருள் 64 பிட் கர்னலில் ஓடினாலும் ஸ்ட்ரக்டின் அளவு மாறாது. கர்னலுக்குள் வந்ததும் யூ64_டு_யூசர்_பிட்டிஆர் வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

நீளத்தில் ஏமாந்தால் பிடிக்க ஒரு வலை உண்டு: 2016-இல் 4.8 கர்னலோடு வந்த கான்ஃபிக்_ஹார்டன்டு_யூசர்காப்பி. காப்பியாகும் பகுதி கர்னல் ஒதுக்கிய ஒரே மெமரித் துண்டுக்குள் (ஸ்லாப்) அடங்குகிறதா, ஸ்டாக்கின் எல்லைக்குள் இருக்கிறதா, கர்னலின் கோட் பகுதியைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கும். போர்டுக்கான கர்னலை நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் இதையும் கான்ஃபிக்_இனிட்_ஸ்டாக்_ஆல்_ஜீரோவையும் ஆன் செய்துகொள்ளுங்கள்.

படி 7: எங்கே நின்று தொடுகிறீர்கள் என்று பாருங்கள்

காப்பி_ஃப்ரம்_யூசர் தூங்கக்கூடியது, பேஜ் டிஸ்கிலிருந்து வர வேண்டியிருக்கலாம். எனவே ஸ்பின்லாக்கை (பிடித்திருக்கும்போது தூங்கவே கூடாத பூட்டு) வைத்துக்கொண்டு கூப்பிடக் கூடாது. இன்டரப்ட் ஹேண்ட்லரில் கூடவே கூடாது. அந்த நேரத்தில் சிபியுவில் எந்தப் பிராசஸ் இருக்கிறதோ அதன் மெமரிதான் மாட்டியிருக்கும், அது உங்கள் பில்லிங் மென்பொருளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இன்டரப்ட்டில் ரீடிங்கைக் கேஃபிஃபோ என்ற கர்னல் வரிசையில் போட்டு வையுங்கள், ரீட் கால் வரும்போது கேஃபிஃபோ_டு_யூசர் வைத்துக் கொடுங்கள். டெவலப்மென்ட் கர்னலில் கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் ஆன் இருந்தால் இந்தத் தப்பு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

படி 8: கருவிகளை ஓட்டுங்கள், பிறகு வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

யூசர் முகவரியை வாங்கும் ஒவ்வொரு பாயின்டர் அறிவிப்பிலும் இரட்டைக் கீழ்க்கோடு யூசர் என்ற குறியைப் போடுங்கள். பிறகு ஸ்பார்ஸ் என்ற கோட் சோதனைக் கருவியை நிறுவி, மேக் கட்டளையோடு சி=2 என்று கொடுத்தால் எல்லாக் கோப்பையும் சோதிக்கும்; சி=1 என்றால் புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்பை மட்டும். குறி போட்ட பாயின்டரை நேராகத் தொட்டால் ஸ்பார்ஸ் சொல்லிவிடும். அதை அடக்குவதற்காகக் காஸ்ட் போட்டு மறைப்பவர்களை ரிவ்யூவில் விடாதீர்கள்.

தடுப்பு நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க எல்கேடிடிஎம் என்ற மாட்யூல் கர்னலிலேயே வருகிறது. இதை உற்பத்தியில் ஓடும் போர்டில் செய்யாதீர்கள், க்யூஎமு போதும். மாட்யூலை ஏற்றி, டீபக்எஃப்எஸ்ஸில் ப்ரொவோக்-க்ராஷ் அடைவின் டைரக்ட் கோப்பில் ஆக்செஸ்_யூசர்ஸ்பேஸ் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மாட்யூல் ஒரு யூசர் பேஜைப் போட்டு, காப்பி_டு_யூசர் வழியாக அதில் எழுதி, அடுத்து அதே இடத்தை நேராகப் படிக்க முயலும். ஸ்மாப் இருந்தால் ஊப்ஸ் வந்து, எழுதிய ஷெல் செத்துவிடும். டிமெசேஜில் சூப்பர்வைசர் ரீட் ஆக்செஸ் இன் கர்னல் மோட் என்ற வரியும், அதற்குக் கீழே எர்ரர் கோட் 0001, பர்மிஷன்ஸ் வயலேஷன் என்பதும் இருக்கும். பேஜ் அங்கே இருக்கிறது, ஆனால் அனுமதி இல்லை என்று அர்த்தம். இதே எண் 0000 என்றால் பேஜே இல்லை. அது வேறு வகைப் பிழை, ஸ்மாப்பின் வேலை இல்லை. எழுதப் போய் மாட்டினால் 0003. எக்ஸிக்_யூசர்ஸ்பேஸ் என்று கொடுத்துப் பார்த்தால் 0011 வரும், கூடவே ஸ்மெப்தானா என்று கேள்விக்குறி போட்ட ஒரு வரியும். யூசர் பக்கத்தில் நடந்த ஊப்ஸைப் படிக்கும்போது இந்த நாலு இலக்கத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இப்போது க்யூஎமு சிபியு மாடலில் ஸ்மாப்பை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். ஃபெயில், சர்வைவ்டு பேட் ரீட் என்று வரும். உங்கள் பை 4-இல் மென்பொருள் பான் இல்லாதபோது நிலைமை இதுவே.

உங்கள் டிரைவரையும் இப்படிச் சீண்ட வேண்டும். பூஜ்ஜிய முகவரி, கர்னல் பகுதி முகவரி, பேஜின் கடைசிப் பைட்டில் தொடங்கி அடுத்த பேஜ் இல்லாத முகவரி, எண்ணிக்கை பூஜ்ஜியம், எண்ணிக்கை உச்சம்: ஒவ்வொன்றுக்கும் மைனஸ் ஈஃபால்ட்டோ மைனஸ் ஈஇன்வாலோ வர வேண்டும், இல்லை ஒழுங்கான பதில் வர வேண்டும். கேசான் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) ஆன் செய்த கர்னலில், இரண்டு த்ரெட் போட்டு ஒன்று ஐஆக்டில் கூப்பிட, மற்றது எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்க, மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓட விடுங்கள். பொறுமை இருந்தால், சிஸ்டம் கால்களைத் தானாகவே சீண்டிப் பார்க்கும் சிஸ்காலர் என்ற கருவியை அமைத்துக்கொள்ளலாம்.

தடுப்பு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 64 பிட் கர்னல் ரேம் முழுவதையும் தன் மேல்பாதியில் இன்னொரு முகவரியிலும் மேப் செய்து வைத்திருக்கும். யூசர் பேஜில் உள்ள தரவு அந்த வழியில் கர்னல் முகவரியாகவும் தெரியும். அதை ஸ்மாப் கண்டுகொள்ளாது. 2014-இல் ஆராய்ச்சியாளர்கள் இந்த வழியைச் செய்தே காட்டினார்கள். கர்னல் பாயின்டர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்கு மாற்று இல்லை. மறுபக்கம், ஸ்மெப் இல்லாத பழைய பிசிக்கு ஒரு சின்ன ஆறுதல்: மெல்ட்டவுன் என்ற சிபியு பிழைக்காக 4.15-இல் வந்த கேபிடிஐ (யூசருக்கும் கர்னலுக்கும் தனித்தனி பேஜ் டேபிள்) ஆன் இருந்தால், கர்னலின் பேஜ் டேபிளில் யூசர் பகுதி ஓட்டக்கூடாதது என்று குறிக்கப்பட்டிருக்கும், அதனால் ஸ்மெப்பின் வேலை பெருமளவு நடந்துவிடும்.

படி 9: பழைய டிரைவர் கைக்கு வந்தால்

போர்டு விற்பனையாளர்கள் தரும் கர்னல் பெரும்பாலும் பழையது. 4.9, 4.14 என்று இருக்கும். அவற்றில் முதலில் தேட வேண்டியது செட்_எஃப்எஸ். கர்னலுக்குள்ளிருந்தே சிஸ்டம் கால் பாணியில் கோப்பைத் திறந்து படிக்க, ஆக்செஸ்_ஓகேயின் எல்லையைத் தற்காலிகமாகக் கர்னல் வரை நீட்டும் பழைய வித்தை அது. நீட்டியதைத் திரும்பச் சுருக்க மறந்தால், அந்தப் பிராசஸுக்குக் கர்னல் மெமரி திறந்த வீடு. 2010-இல் வெளிவந்த ஒரு பிழையில் மறதிகூடத் தேவைப்படவில்லை: எல்லை நீண்டிருந்த நேரத்தில் ஊப்ஸ் வந்தது, பிராசஸ் முடியும் வழியில் யூசர் சொன்ன முகவரியில் ஒரு பூஜ்ஜியத்தை எழுத வேண்டிய வழக்கமான வேலை இருந்தது, அது கர்னலுக்குள் போய் எழுதியது. எக்ஸ்86-இல் 5.10-இலும், மற்ற எல்லா ஆர்க்கிடெக்சரிலும் 2022-இல் வந்த 5.18-க்குள்ளும் செட்_எஃப்எஸ் ஒழிந்தது. டிரைவரில் அதைக் கண்டால் கோப்பு படிப்பதற்கு என்றால் கர்னல்_ரீட், கர்னல்_ரைட் என்று மாற்றுங்கள். அளவுத்திருத்த எண்களைப் படிக்கத்தான் பெரும்பாலும் செய்திருப்பார்கள், அதற்கு ஃபர்ம்வேர் லோடர் இன்னும் பொருத்தம்.

அடுத்துத் தேட வேண்டியது இரட்டைக் கீழ்க்கோட்டுக் காப்பிகள். அப்புறம் ஐஆக்டில் ஃபங்ஷனில் கடைசி ஆர்கியுமென்டைக் காஸ்ட் செய்யும் ஒவ்வொரு இடமும். அப்புறம் ஒரே யூசர் முகவரியிலிருந்து இரண்டு தடவை எடுக்கும் இடங்கள். இதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், சி கோடில் வடிவங்களைத் தேடும் காக்சினெல் கருவியின் ஸ்கிரிப்ட் ஓரளவுக்கு உதவும்.

கர்னலை மாற்றவே முடியாது, கம்பெனி விடாது என்ற நிலையும் வரும். அப்போது செய்யக்கூடியது இரண்டு. கர்னல்.பேனிக்_ஆன்_ஊப்ஸை 1 ஆக்கி, கர்னல்.பேனிக்கை 10 ஆக்கினால், முதல் ஊப்ஸிலேயே போர்டு பத்து நொடியில் ரீபூட் ஆகும். தாக்குபவர் மறுபடி மறுபடி முயன்று பார்க்க முடியாது. சீசன் நேரத்தில் லாரி வரிசையில் நிற்கும்போது எடைமேடை ரீபூட் ஆவதை மேனேஜர் ரசிக்க மாட்டார், முன்கூட்டியே பேசிவிடுங்கள். இன்னொன்று சாதனக் கோப்பின் அனுமதி. விற்பனையாளர் தந்த யூடெவ் (சாதனக் கோப்புகளின் அனுமதியை அமைக்கும் சேவை) விதியில் 0666 என்று இருந்தால், போர்டில் உள்ள எந்த நிரலும் உங்கள் ஐஆக்டிலைக் கூப்பிடலாம். அதை 0660 ஆக்கி, எடைமேடைக்கென்று ஒரு குழு உருவாக்கி, பில்லிங் மென்பொருள் ஓடும் யூசரை மட்டும் அதில் சேருங்கள். அதே போர்டில் பிரவுசரோ ரிமோட் டெஸ்க்டாப்போ ஓடினால் அவற்றை வேறு யூசருக்கு மாற்றிவிடுங்கள்.